சிறிதாக்குவது பழைய கதை: நானோ ஆய்வு இப்போது எதோடு மல்லுக்கட்டுகிறது?

கைபேசி, கணினி விளம்பரங்களில் "2 நானோமீட்டர் சிப்" என்ற பெயர் அடிபடத் தொடங்கியிருக்கிறது. கேட்டவுடன், சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற நுண் மின்சுவிட்ச் 2 நானோமீட்டருக்குச் சுருங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். 2021இல் ஐபிஎம் காட்டிய 2 நானோமீட்டர் சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 'கேட்' பகுதியின் நீளம் 12 நானோமீட்டர். ஒரு கேட்டின் நடுவிலிருந்து அடுத்த கேட்டின் நடு வரை 44 நானோமீட்டர். அப்படியானால் அந்த 2 எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது தலைமுறைக்கு வைத்த பெயர். ஒரு காலத்தில் பெயரும் அளவும் ஒத்துப்போயின. அந்த உறவு எப்போதோ அறுந்துவிட்டது.

விளம்பரக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதே சிப்பில் உண்மையாகவே வியக்கத்தக்க அளவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. மின்னோட்டம் பாயும் சிலிக்கான் தகட்டின் தடிமன் 5 நானோமீட்டர்தான். அணு அடுக்குகளாக எண்ணினால் நாற்பதுக்கும் குறைவு. அப்படி மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளி விட்டு நிற்க, கேட் ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. கேட் குறுகக் குறுக, அது மூடியிருக்கும்போதும் மின்னோட்டம் கசிவதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி. 2011இல் இன்டெல் அறிவித்த வடிவமைப்பில் கேட் மூன்று பக்கம் பிடித்தது. 2022இல் சாம்சங் நான்கு பக்கமும் பிடிக்கும் வடிவமைப்பை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. தகடு இவ்வளவு மெல்லியதாகிவிட்ட பிறகு, ஓரிரண்டு அணு அடுக்கு கூடக் குறைய இருந்தாலே அந்த டிரான்சிஸ்டரின் நடத்தை பக்கத்து டிரான்சிஸ்டரிலிருந்து வேறுபட்டுவிடும். ஒரு சிப்பில் இருப்பவையோ பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள்.

நானோ தொழில்நுட்பம் என்றால் பலருக்கு 'மிகமிகச் சிறியது' என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. சிறிதாக்குவது மட்டும் பெரிய சாதனையாக இருந்ததில்லை. மெழுகுவர்த்திப் புகையில்கூட நானோ துகள்கள் உண்டு. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: கோடானுகோடித் துகள்களையும் ஒரே மாதிரி செய்வது, செய்ததை வேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அண்மை ஆண்டுகளின் முன்னேற்றங்களை இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் எது நிஜமான பாய்ச்சல், எது வெறும் ஆரவாரம் என்பது ஓரளவு பிடிபடும்.

அதற்கு முன், அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்ற அடிப்படைக் கேள்வி. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளதை நானோ அளவு என்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டிவிட்டால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். பொருள் அதேதான், எடையும் அதேதான், வெளியே முகம் காட்டும் அணுக்கள்தான் பல மடங்கு கூடிவிட்டன. வேதிவினைகள் நடப்பது மேற்பரப்பில். எதோடும் எளிதில் வினைபுரியாத உலோகம் என்று பெயரெடுத்த தங்கம், சில நானோமீட்டர் துகளாகும்போது கார்பன் மோனாக்சைடை மாற்றும் நல்ல வினையூக்கியாகிறது. 1987இல் ஜப்பானின் மசதாகே ஹருதா இதைக் காட்டியபோது பலருக்கு நம்பவே கடினமாக இருந்தது.

இரண்டாவது காரணம் எலக்ட்ரான். துகள் சில நானோமீட்டருக்குச் சுருங்கும்போது உள்ளே இருக்கும் எலக்ட்ரானுக்கு இடம் போதாமல் போகிறது. இடம் குறையக் குறைய அதன் ஆற்றல் நிலைகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. அதனால் துகளின் நிறமே மாறுகிறது. குவாண்டம் புள்ளிகள் என்பவை இவைதான். கேட்மியம் செலினைடு துகள் சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலமாகவும், 6 நானோமீட்டர் இருந்தால் சிவப்பாகவும் ஒளிரும். வேதிப்பொருளில் ஓர் அணு வகைகூட மாறவில்லை, அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது.

2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு இதற்குத்தான். (அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பே பெயர்கள் ஊடகங்களுக்குக் கசிந்துவிட்டன. உலகத்தின் மிகப் பத்திரமான ரகசியங்களில் ஒன்று ஒரு தவறான மின்னஞ்சலில் போயிற்று.) பரிசு பெற்ற மூவரின் வேலையையும் வரிசையாகப் பார்த்தால், இந்தத் துறையின் மையச் சிக்கல் தானாக வெளிப்படும். அலெக்சி எக்கிமோவ் 1980களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் வண்ணக் கண்ணாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் உருவான காப்பர் குளோரைடு படிகங்களின் அளவு மாறினால் அவை உறிஞ்சும் ஒளியும் மாறுவதைக் கண்டார். லூயி புரூஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கேட்மியம் சல்பைடு துகள்களைக் கரைசலில் வைத்து வேறு ஏதோ நோக்கத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். மேசையில் கொஞ்ச காலம் அப்படியே விட்டுவைத்த கரைசல் ஒளியை வேறு விதமாக உறிஞ்சியது. துகள்கள் வளர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, சோதித்து, 1983இல் வெளியிட்டார். எக்கிமோவின் கட்டுரை சோவியத் இதழில் வந்திருந்ததால் புரூஸுக்கு அது தெரியாது.

விளைவு உண்மை என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் பத்து ஆண்டுகள் யாராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. காரணம், கிடைத்த துகள்கள் சிறியதும் பெரியதுமாகக் கலந்துகிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிர்ந்தால் கண்ணுக்குத் தெரிவது மங்கிய கலவைதான். புரூஸிடம் ஆய்வு செய்தவரான மௌங்கி பவெண்டி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு 1993இல் வழி கண்டுபிடித்தார். சூடான கரைப்பானில் மூலப்பொருளை ஒரேயடியாகச் செலுத்துவது. அந்தக் கணத்தில் எல்லாப் படிகக் கருக்களும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. வெப்பநிலை சட்டென்று இறங்குவதால் புதிய கருக்கள் பிறப்பது நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி சூடேற்றினால், ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே வளர்கின்றன. வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். மூன்று பேரில் எனக்குப் பெரிதாகப் படுவது பவெண்டியின் பங்குதான். முதல் இருவர் இயற்கையின் ஒரு விதியைக் காட்டினார்கள்; அவர் அதை எவரும் திரும்பச் செய்யக்கூடிய செய்முறையாக்கினார்.

இன்று விற்கும் பல தொலைக்காட்சிகளில், பின்னாலிருந்து வரும் நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுவது இந்தப் புள்ளிகள்தான். கேட்மியம் நச்சு என்பதால் இண்டியம் பாஸ்பைடு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதை ஒரே அளவில் வளர்ப்பது இன்னும் கடினம். அப்புறம், பின்னொளியே இல்லாமல் மின்சாரம் கொடுத்ததும் புள்ளிகளே நேரடியாக ஒளிரும் திரைக்கான ஆய்வு நடக்கிறது. நீலப் புள்ளிகள் சீக்கிரம் சோர்ந்துபோவது அங்கே பெரிய இடைஞ்சல்.

இனி இரண்டாவது சிக்கல்: கொண்டுபோய்ச் சேர்ப்பது. 2023இல் மருத்துவ நோபல் பெற்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசி வேலையில் கதாலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் செய்தது, எம்ஆர்என்ஏவை உடல் எதிரியாக நினைக்காதபடி திருத்தியது. எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு. ஆனால் அதை வெறுமனே ஊசியில் போட்டால் செல்லுக்குள் போகாது, அதற்குள் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். அதைப் பொதிந்துகொண்டு போவது ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள். அதில் நான்கு வகை மூலக்கூறுகள் உண்டு. கொலஸ்ட்ராலும் இன்னொரு துணைக் கொழுப்பும் கட்டமைப்பைத் தாங்குகின்றன. பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற வேதிப்பொருள் இணைந்த கொழுப்பு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. நான்காவதுதான் சூட்சுமம் நிறைந்தது. இரத்தத்தில் அதற்கு மின்னூட்டம் இல்லை, அதனால் தொந்தரவும் இல்லை. அமிலச் சூழலுக்குப் போனதும் நேர்மின்னூட்டம் பெறுகிறது. செல் இந்தத் துகளை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது, அந்தப் பை மெல்ல அமிலமாகிறது, உடனே கொழுப்பு மின்னூட்டம் பெற்றுப் பையின் சுவரைக் குலைத்து உள்ளிருப்பதை வெளியே விடுகிறது.

சொல்லும்போது கச்சிதமாக இருக்கிறது. நடைமுறையில் வீணாவதுதான் அதிகம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய துகள்கள் சுமந்துவந்த ஆர்என்ஏ துண்டுகளில் 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே அந்தப் பையிலிருந்து தப்பி வெளியே வருவதாக அளந்தது. மீதி உள்ளேயே அழிகிறது. தடுப்பூசிக்கு இது போதும், கொஞ்சம் புரதம் உருவானாலே நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். மற்ற மருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதைவிடப் பெரிய தடை கல்லீரல். இரத்தத்தில் செலுத்திய கொழுப்புத் துகளின் மேல் அபோஈ என்ற இரத்தப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல்களில் அந்தப் புரதத்தைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் நிறைய உண்டு. ஆக, எங்கே அனுப்பினாலும் பெரும்பகுதி கல்லீரலுக்கே போய்ச் சேருகிறது. இந்தக் குறையையே வசதியாக்கிக்கொண்டதுதான் 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்ற மருந்து. பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்குக் காரணமான புரதம் கல்லீரலில்தான் உருவாகிறது, எனவே மருந்து போக வேண்டிய இடமும் அதுவே. 2025இல் பிலடெல்பியாவில் ஒரு பச்சிளங்குழந்தைக்குச் செய்த சிகிச்சையும் அப்படித்தான். அம்மோனியாவை வெளியேற்ற உதவும் சிபிஎஸ்1 என்ற கல்லீரல் நொதி அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. அந்த ஒரு குழந்தையின் மரபணுப் பிழைக்கென்றே ஆறு மாதத்தில் திருத்தக் கருவியை வடிவமைத்து, கொழுப்பு நானோ துகளில் வைத்து மூன்று தவணைகளாகச் செலுத்தினார்கள். மரபணு சிகிச்சைக்கு வழக்கமாகப் பயன்படும் வைரஸ் வாகனங்களை இப்படித் திரும்பத் திரும்பக் கொடுக்க முடியாது, முதல் தவணைக்குப் பிறகு உடல் எதிர்ப்பைக் கட்டிவிடும். கொழுப்புத் துகளுக்கு அந்தக் கட்டுப்பாடு பெரிதாக இல்லை.

கல்லீரலைத் தாண்டிப் போக வழி உண்டா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் டேனியல் சீக்வர்ட்டின் குழு 2020இல் ஒரு விடை காட்டியது. நான்கு கொழுப்புகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அது நிரந்தர நேர்மின்னூட்டம் உடையதாக இருந்தால் எலிகளில் துகள்கள் நுரையீரலுக்குப் போயின, எதிர்மின்னூட்டம் உடையதாக இருந்தால் மண்ணீரலுக்குப் போயின. மின்னூட்டம் மாறினால் மேலே ஒட்டும் புரதங்கள் மாறுகின்றன, புரதம் மாறினால் போகும் இடம் மாறுகிறது. நானோ துகள் இரத்தத்தில் கலந்த மறுகணமே புரதப் போர்வை போர்த்திக்கொள்கிறது என்பதும், செல்லின் கண்ணில் படுவது அந்தப் போர்வைதான் என்பதும் 2007 வாக்கிலேயே தெளிவாகப் பேசப்பட்ட விஷயம். அதை எதிர்த்துப் போராடாமல் வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டது புதிது. மூளைக்கும் இதயத்துக்கும் இதே நம்பகத்தோடு போகும் துகள் இன்னும் கையில் இல்லை.

புற்றுநோய் விஷயத்தில் நானோ மருத்துவம் கொடுத்த வாக்குறுதிகளை இங்கே கொஞ்சம் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டியை வளர்க்கும் இரத்தக் குழாய்களில் ஓட்டைகள் அதிகம், அதனால் நானோ துகள் தானாகவே அங்கே கசிந்து தேங்கும் என்று 1986இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதை நம்பி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. 2016இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டு ஆய்வுத் தரவுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 விழுக்காடு. அதே குழு 2020இல் இன்னொன்றையும் காட்டியது: கட்டிக்குள் போகும் துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஓட்டை வழியாகப் போகவில்லை, குழாய்ச் சுவர் செல்கள் தாமே அவற்றை எடுத்து உள்ளே கடத்துகின்றன. முப்பது ஆண்டுகள் சார்ந்திருந்த அடிப்படை ஆட்டம் கண்டது. 1995இல் ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்தான டாக்சில் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அந்தப் புற்றுநோய் மருந்தின் முக்கியமான நன்மை, துகளில் பொதியாத மூல மருந்தைவிட இதயத்தைக் குறைவாகப் பாதித்தது. இரத்தத்தில் நீந்திப்போய்ப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் நானோ ரோபோ படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 0.7 தான் நினைவுக்கு வரும்.

மருந்து உலகத்தை விட்டு வெளியே வந்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. அங்கே துகள் எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல், உலோகக் கரிமச் சட்டகங்களுக்குக் கிடைத்தது. எம்ஓஎஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உலோக அயனிகள் மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பிகளாகவும் அமைந்த படிகம், உள்ளே நானோமீட்டர் அளவில் வெற்றிடங்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சனுக்கு இந்த எண்ணத்தின் விதை 1974இல் வகுப்புக்காக மர உருண்டைகளில் துளையிட்டு மூலக்கூறு மாதிரி செய்தபோது விழுந்தது. துளைகள் சரியான கோணத்தில் இருந்தால் குச்சிகளைச் செருகியதும் மாதிரி தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அணுக்களை வைத்தும் இதையே செய்தால் என்ன என்று யோசித்தார். 1989இல் செய்து காட்டினார். அவருடைய சட்டகங்கள் எளிதில் குலைந்தன. கியோட்டோவின் சுசுமு கிடகாவா, வாயுக்கள் உள்ளே போய் வெளியே வந்தாலும் குலையாத சட்டகங்களை 1997இல் செய்தார். 1999இல் ஓமர் யாகி வெளியிட்ட எம்ஓஎஃப்-5 சில கிராமிலேயே ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பை உள்ளே அடக்கியிருந்தது.

அதன்பின் பல்லாயிரம் சட்டகங்கள் வந்துவிட்டன. யாகியின் குழு அரிசோனா பாலைவனத்தில் இரவில் காற்றின் ஈரத்தைப் பிடித்து, பகல் வெயிலில் அதை நீராக இறக்கிக் காட்டியது. கனடாவின் கல்கரியில் பிறந்த கால்ஃப்-20 என்ற துத்தநாகச் சட்டகம், ஆலைப் புகையிலிருந்து கார்பன் டையாக்சைடைப் பிரிப்பதற்கு சிமென்ட் ஆலையில் சோதனைக்குப் போயிருக்கிறது. பரப்பளவில் அது சாதனை எதுவும் படைக்கவில்லை. நீராவி பட்டாலும் கெடாது, பெருமளவில் தயாரிக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. ஆய்வுக்கூடத்தில் அழகாக இருந்து ஈரக்காற்று பட்டதும் நொறுங்கிய சட்டகங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

'ஒரே மாதிரி' என்ற நிபந்தனை எவ்வளவு கடுமையாக முடியும் என்பதற்குக் கிராஃபீன் நல்ல சாட்சி. கார்பன் அணுக்களாலான, ஓரணு தடிமனுள்ள இரண்டு கிராஃபீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 1.1 பாகை திருப்பினால், இரண்டு கொசுவலைகளை மேலும் கீழுமாகப் பிடித்தால் தெரிவதுபோல ஒரு பெரிய அலைக்கோலம் உருவாகிறது. 2018இல் எம்ஐடியின் பாப்லோ ஹரிய்யோ-எரேரோவின் குழு, அந்தக் கோணத்தில் கிராஃபீன் 1.7 கெல்வின் (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவதைக் கண்டது. கோணம் கொஞ்சம் தவறினால் விளைவு காணாமல் போகும். ஒரே தாளிலேயே இடத்துக்கு இடம் கோணம் சற்று மாறுவதால், ஒரு ஆய்வகத்தின் மாதிரி இன்னொன்றின் மாதிரியோடு ஒத்துப்போவது பெரும்பாடு. இயற்பியலாளர்களுக்கு இது பொன் விளையும் பூமி. சந்தைக்கு வரும் பொருள் எதுவும் இதிலிருந்து உடனே பிறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிலிக்கானின் அடுத்த வாரிசு என்று சொல்லப்படும் மாலிப்டினம் டைசல்பைடுக்கும் இதே நிலைதான். அதன் ஓர் அடுக்கு 0.65 நானோமீட்டர் தடிமன், மூன்றே அணு வரிசை. சிலிக்கானை அந்த அளவுக்குச் சீவினால் பரப்பின் கரடுமுரடு எலக்ட்ரானைத் தடுக்கும். இதில் பரப்பே இயல்பாக வழவழப்பு. 2025இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகம் சுமார் 5,900 டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு முழுச் செயலியை இந்தப் பொருளில் செய்து காட்டியது. பல நூறு கோடியோடு ஒப்பிட்டால் இது சின்ன எண். ஆனால் 5,900 டிரான்சிஸ்டர்களும் ஒத்து இயங்கின என்பதே இந்தத் துறையில் பெரிய செய்தி.

சரி, இந்தத் துகள்களால் ஆபத்து உண்டா? 'நானோ' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. 2008இல் எலிகளில் செய்த ஒரு சோதனையில், நீளமான கார்பன் நானோ குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் இழை போலவே வீக்கத்தை உண்டாக்கின. குட்டையாகச் சுருண்டவை அப்படிச் செய்யவில்லை. வேதிப்பொருள் ஒன்றுதான், நீளம்தான் தீர்மானித்தது.

அளப்பதே இங்கே பாதி வேலை. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேசர் அடிப்படையிலான புதிய நுண்ணோக்கி முறையால் புட்டித் தண்ணீரைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகச் சொன்னார்கள். அவற்றில் 90 விழுக்காடு நானோ அளவு. முந்தைய மதிப்பீடுகளைவிட இது மிக அதிகம் என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. தண்ணீரில் துகள்கள் திடீரென்று கூடிவிட்டன என்று அர்த்தமில்லை. முன்பு கருவிக்குத் தெரியாமல் இருந்தவை இப்போது தெரிகின்றன. அவை உடலில் என்ன செய்கின்றன என்பது தனியாக விடை தேட வேண்டிய கேள்வி.

உணவுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடில் இந்த ஆபத்து பற்றிய சர்ச்சை உச்சத்துக்குப் போயிற்று. அந்தத் தூளின் துகள்களில், எண்ணிக்கைக் கணக்கில் பாதி வரை 100 நானோமீட்டருக்குக் கீழே இருக்கக்கூடும். 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை மறுக்க முடியவில்லை என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு அதை ஆராய்ந்து, குடலில் அது உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, உட்கொள்ளும் அளவுக்கு வரம்பு தேவையில்லை என்ற பழைய நிலைப்பாட்டையே உறுதிசெய்தது. அமெரிக்காவில் உணவின் எடையில் 1 விழுக்காடு வரை இன்றும் அனுமதி உண்டு. சர்ச்சையின் பெரும்பகுதி, எந்தச் சோதனைகளைக் கணக்கில் எடுப்பது என்பதில் இருக்கிறது. சில ஆய்வுகளில் துகள்களை அதிர்வு கொடுத்து ஒன்றொன்றாகப் பிரித்து எலிக்குக் கொடுத்தார்கள். உணவில் அவை பெரும்பாலும் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தச் சோதனையை எப்படி உணவுக்குப் பொருத்துவது என்று ஒரு தரப்பு கேட்கிறது. குடலுக்குள் போன பிறகு அந்தக் கொத்து பிரியாது என்று யார் உத்தரவாதம் தருவது என்று மறு தரப்பு கேட்கிறது. ஐரோப்பாவில் இப்போது துகள் வடிவில் வரும் உணவுப் பொருளுக்கு ஒப்புதல் கேட்பவர்கள், அது என்ன பொருள் என்பதோடு துகள்களின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்து காட்ட வேண்டியிருக்கிறது.